நிறுத்திப் பார்த்த முகம்

எங்கள் அம்மா தெரசாள் யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள். அப்பா செத்த பிறகு, திருச்சுழிப் பக்கம் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டே என்னைக் கட்டிக்கொடுத்தாள், தம்பி கிறிஸ்டோவை டிரைவராக்கினாள். காலில் முள் ஏறினால்கூட ஊசி வைத்துத் தானே தோண்டிக்கொள்வாள். அப்படிப்பட்டவள் தொண்ணூறாம் வருஷம் பாலவனத்தத்தில் என் மாமியார் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஏ ஷீலா, ஓன் டிவிப் பொட்டியக் கொஞ்ச நாளைக்கு எனக்குக் குடுடி" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கிறிஸ்டோ குவைத்தில் ஒரு வீட்டில் டிரைவர். ஆகஸ்டில் அங்கே சண்டை மூண்டதிலிருந்து ஒரு தகவலும் இல்லை. முந்தின நாள் பஞ்சாயத்து டிவிச் செய்தியில், குவைத்திலிருந்து தப்பி வந்தவர்கள் தங்கியிருந்த கூடாரங்களைக் காட்டியபோது, பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மாரிக்கனி, "ஐயோ, நம்ம கிறிஸ்டோ! கூடாரத்துல ரொட்டிக்கு லைன்ல நிக்கிறான்!" என்று கத்தியிருக்கிறாள். அம்மா அடுப்பில் கிடந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய்ச் சேர்வதற்குள் செய்தியில் மழை நிலவரம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்களாம்.

"திரும்பவும் காட்டுவாங்களாம்டி. காட்டுறப்பப் பிடிச்சு வச்சிரணும். அவன் உசுரோட நிக்கிறத நான் பாக்கணும்" என்றாள்.

பிடித்து வைக்க, வீடியோ கேசட் போடுகிற டெக்கு வேண்டுமே. கிறிஸ்டோவுக்கு விசா வாங்கிக் கொடுத்தவர் வீரசோழன் ஊர்க்காரரான ஜபருல்லா பாய். அவருக்கும் குவைத்தில்தான் வேலை; லீவில் ஊருக்கு வந்திருந்ததால் தப்பித்தார். நாங்கள் வாசலில் நின்றதுமே டெக்கை வேட்டியில் சுற்றி எடுத்துவந்து கொடுத்துவிட்டார். அம்மாவை நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை.

டிவியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். மாமியார் முணுமுணுத்தாள். முணுமுணுக்கட்டும், பிள்ளையைத் தொலைத்தது அவளா? அம்மா வீட்டுச் சுவரோரம் மூங்கிலை நட்டு ஆன்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பிக் கட்டினோம். அதன் வயரை டெக்கில் குத்தி, டெக்கிலிருந்து இன்னொரு வயரை டிவிக்குக் கொடுத்தேன். பிளஸ் டூ படித்த பாவத்துக்கு எல்லாம் என் தலையில் விடிந்தது. எந்தப் பக்கம் திருகினாலும் புள்ளி புள்ளியாகக் கொட்டியது.

அம்மா வெளியே மூங்கிலைப் பிடித்துக்கொண்டு, "இப்பத் தெரியுதா? இப்ப?" என்று கத்தினாள்.

"ஐயோ, வந்ததையும் கெடுத்துட்டியேம்மா! அசையாம நில்லு!" என்று நானும் கத்தினேன்.

படம் ஒருவழியாக வந்தபோது செய்திக்கு நேரம் நெருங்கிவிட்டது. அப்போதுதான் வெறும் கேசட் இல்லை என்பது உறைத்தது. அருப்புக்கோட்டைக்குப் போய் வாங்கி வர ஏது நேரம்? டெக்கு ஓடுகிறதா என்று பார்க்க நான் கொண்டுபோயிருந்தது என் கல்யாணக் கேசட். அழிந்துவிடக் கூடாதென்று வீடியோக்காரர் அதன் ஓரத்தில் ஒரு துண்டை உடைத்து வைத்திருந்தார். அந்த ஓட்டையில் பேப்பரை மடித்துத் திணித்து மேலே பிளாஸ்திரி ஒட்டினேன்.

"கல்யாணத்தையா அழிக்கப் போற?" அம்மா என் கையைப் பிடித்தாள்.

"புருசன் வீட்ல குத்துக்கல்லாட்டம் இருக்காரு. படம் எதுக்கு? கையை விடும்மா!"

நாலைந்து நாள் தினமும் செய்தியைப் பிடித்தோம். ஒருநாள் மறுபடியும் அந்தக் கூடாரத்தைக் காட்டினார்கள். வரிசையில் நின்ற ஒருவன் சட்டென்று திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான், படம் மாறிவிட்டது. பின்னால் ஓட்டி, நிறுத்தும் பட்டனை அமுக்கினேன். முகத்தின் குறுக்கே கோடு ஓடியது. எனக்கு நிச்சயமில்லை. அம்மாவோ டிவியைக் கட்டிக்கொண்டு, "எம்புட்டு எளைச்சுட்டான்!" என்று கதறினாள்.

அந்தப் பட்டனை அமுக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு நான் ஊருக்குப் போனேன். அதன் பிறகு அவள் கரிமூட்டத்துப் பக்கமே போகவில்லை. விடிந்தால் செபமாலையும் டெக்கும்தான். பார்க்க வந்த ஜபருல்லா பாய், "அக்கா, ஒரே இடத்துல நிப்பாட்டி நிப்பாட்டிப் பாத்தா டேப்பு தேஞ்சு போயிரும்" என்றாராம். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பெத்தவ கண்ணால பாத்தா தேஞ்சு போயிருமா?"

அந்தக் கூடாரங்களிலிருந்து ஏரோபிளேன்களில் ஆள்கள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். காரியாபட்டிக்காரன் வந்தான், வீரசோழனுக்கு எத்தனையோ பேர் வந்தார்கள். கிறிஸ்டோ வரவில்லை. கடைசி ஏரோபிளேனும் வந்துவிட்டது என்று செய்தியில் சொன்ன அன்று நான் அங்கே இருந்தேன். அம்மா மாதா படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நீயும் பிள்ளையப் பறிகுடுத்தவதான? ஒனக்கே எரக்கமில்லையா?" என்று கேட்டாள். டிவியில் அந்த முகம் இருந்த இடத்தில் வெள்ளைக் கோடுகள்தான் ஓடின. அவளுக்கு மட்டும் அதில் மகன் தெரிந்தான்.

கார்த்திகை மழையில் நனைந்துகொண்டு கிறிஸ்டோ வந்து சேர்ந்தான். கையில் பை கிடையாது, காலில் செருப்பு கிடையாது. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்ட முதலாளியிடமிருந்து தப்பி, எங்கெங்கோ அலைந்து கப்பலில் வந்திருக்கிறான். அம்மா அழுது, அடித்து, கறி எடுத்துச் சமைத்துப் போட்டாள். சேதி கேட்டு ஓடிவந்த நான், சாப்பிட்டு முடித்தவனிடம் கூடாரத்துப் படத்தைப் போட்டுக் காட்டினேன். முகம் தேய்ந்திருந்தாலும் கூடாரமும் வரிசையும் தெரிந்தன.

"இது நான் இல்லக்கா. அந்தப் பக்கமே நான் போகல" என்றான்.

அம்மா எச்சில் தட்டோடு நின்றுவிட்டாள். "அப்ப இவன் யாரு பெத்த பிள்ள?"

"எனக்கெப்பிடிம்மா தெரியும்?"

"வீடு போய்ச் சேந்தானா?"

அவள் டெக்குக்கு முன்னால் உட்கார்ந்து திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். அவன் திரும்புகிற இடம் வந்ததும் கோடுதான் ஓடியது. அவன் மூக்கும் வாயும் எப்படி இருந்தன என்று என்னிடம் கேட்டாள். எனக்கு ஞாபகமில்லை.

மறுநாள் டெக்கு வீரசோழனுக்குத் திரும்பிப் போனது. என் கேசட்டைக் கேட்டேன். அம்மா அதை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

"தரமாட்டேன் ஷீலா. அவன் ஆத்தா எங்கயாச்சும் தேடிக்கிட்டுத்தான இருப்பா? இருந்த ஒரு மொகத்தையும் நான் பாத்துப் பாத்தே தேச்சுட்டேனேடி."