சென்சாருக்கு வைத்த பொட்டு

நான் ஜெபம் செய்கிறவன். காலையில் கம்பெனி பஸ் ஏறுவதற்கு முன் ஒரு தடவை, மெஷின் பேனலைத் திறப்பதற்கு முன் ஒரு தடவை. கரண்டோடு புழங்குகிறவனுக்குப் பக்தி தானாக வந்துவிடும். ஆனால் ஒருமுறை, நான் செய்யவேண்டிய வேலையைக் கடவுள் தலையில் கட்டிவிட்டு ஒன்றரை மணி நேரம் கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

தேர்வாய் கண்டிகையில் தகடு அடிக்கும் ஒரு கம்பெனியில் நான் எலக்ட்ரீஷியன். அங்கே பிரஸ் மெஷின் ஓட்டுகிறவன் என் தெருக்காரன். பல வருஷமாக ஒரே பஸ், ஒரே சீட். அவன் வீட்டில் அம்மன், என் வீட்டில் ஏசு. எங்கள் சபையில் சாமிக்குப் படைத்ததைத் தின்னக்கூடாது. வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஆயுத பூஜையன்று இதை நான் ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லித் தொலைத்தேன். பொரியை நீட்டியவர் முகம் சுண்டிப்போனது. அதற்குப் பிறகு பல மாதம் மெஷின் ஷாப்பில் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்தத் தெருக்காரன்தான் ஒரு வழி கண்டுபிடித்தான். மறுவருஷத்திலிருந்து, படையல் போடும் முன்பே ஒரு பொட்டலம் பொரியை எடுத்துத் தன் லாக்கரில் வைத்துவிடுவான். பூஜை முடிந்ததும் கொண்டுவந்து கொடுப்பான்.

"படைக்காதது நைனா. தைரியமா துன்னு."

நானும் எல்லோரோடும் நின்று மென்றேன். பிரச்சினை முடிந்தது. ஆனால் மறுபடி யார் மனதையாவது புண்படுத்திவிடுவேனோ என்ற பயம் மட்டும் எனக்குள் அப்படியே தங்கிவிட்டது. பூஜை நேரத்தில் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொள்வேன்.

மூன்று வருஷத்துக்கு முன்பும் அப்படித்தான் நின்றேன். பூஜை லீவு முடிந்து திரும்பிய காலையில் பிரஸ் ஓடவில்லை. அந்த மெஷினுக்கு இரண்டு பக்கமும் சென்சார் உண்டு. நடுவில் கை போனால், மேலிருந்து இறங்கும் அச்சு அந்தரத்திலேயே நின்றுவிடும். எதுவும் மறைக்காவிட்டால் பச்சை விளக்கு, மறைத்தால் சிவப்பு. அன்றைக்குச் சிவப்பு எரிந்தது. குனிந்து பார்த்தேன். சென்சார் கண்ணாடியின்மேல் நாலணா அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம். மெஷினுக்கு அதுதானே கண் என்று ஆசையாக வைத்திருக்கிறான் என் தெருக்காரன்.

என் பாக்கெட்டில் துணி இருந்தது. ஒரு துடை துடைத்தால் போதும். ஆனால் எங்கள் ஷாப்பில் பூஜைப் பொட்டை யாரும் அழிக்கமாட்டார்கள், அது தானாக உதிர வேண்டும். வேதக்காரன் வந்து அம்மன் பொட்டை அழித்துவிட்டான் என்று ஒருத்தன் வாயைத் திறந்தால் தீர்ந்தது கதை. பொட்டு வைத்தவனோ கேன்டீனுக்கு நாஷ்டா சாப்பிடப் போயிருந்தான். அதற்குள் சூப்பர்வைசர் வந்து நின்றார்.

"இன்னாப்பா பண்ணிகினு கீற? லோடு ஏத்த லாரி வந்து நிக்குது."

பேனலைத் திறந்தேன். சென்சாரை எதுவும் மறைக்கவில்லை என்று மெஷினை நம்பவைக்க ஒரு துண்டு ஒயர் போதும். மாட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது. இனி நடுவில் கை போனாலும் அச்சு நிற்காது. டீ நேரத்தில் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லி, அவனையே துடைக்கச் சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவன் வந்தான். பச்சை விளக்கைப் பார்த்தான். மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பெடலில் காலை வைத்தான். சூப்பர்வைசர் பக்கத்திலேயே நின்றதால் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் போன பிறகும் திறக்கவில்லை. முதல் நிமிஷத்தில் சொல்லாததை இருபதாவது நிமிஷத்தில் எந்த முகத்தோடு சொல்வது?

அச்சு இறங்கியது, ஏறியது. அவன் கை தகட்டை வைத்தது, எடுத்தது. ஆண்டவரே, அவன் கையைக் காப்பாற்றும் என்று வேண்டிக்கொண்டே இருந்தேன். அவ்வளவு உருக்கமாக நான் எந்த ஞாயிற்றுக்கிழமையும் ஜெபித்ததில்லை. துணி என் பாக்கெட்டில், நாக்கு என் வாயில். இரண்டையும் அசைக்காமல் வானத்தைப் பார்த்தேன். விசுவாசம் என்று நான் பெயர் வைத்திருந்ததில் பாதி வெறும் கோழைத்தனம் என்று அன்றைக்குப் புரிந்தது. அவன் அம்மனை நம்பிக் கையை விடுகிறான் என்று முதலில் நினைத்தேன். இல்லை. அவன் நம்பியது பச்சை விளக்கை. அதாவது என்னை.

அப்போது ஒரு தகடு அச்சில் சிக்கியது. அவன் சலித்துக்கொண்டு, மணிக்கட்டுவரை கையை உள்ளே விட்டான். கால் பெடலிலேயே இருந்தது.

நான் பாய்ந்துபோய்ச் சிவப்பு பட்டனை அடித்தேன். மெஷின் செத்தது.

"இன்னா நைனா, இன்னாச்சி?"

சொன்னேன். பொட்டு, ஒயர், ஒன்றரை மணி நேரம், எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவன் கையை மெதுவாக வெளியே எடுத்து, விரல்களை ஒருமுறை மடக்கி விரித்தான்.

"அத்த வெச்சவன் நாந்தான? கேட்டிருந்தா தொடச்சிருக்க மாட்டனா?"

"ஷாப்புல எதுனா சொல்லுவாங்கன்னு…"

"ஷாப்ப உடு. என்னாண்ட கேக்கறதுக்கு இன்னா பயம் ஒனக்கு?"

சட்டை நுனியால் அவனே கண்ணாடியைத் துடைத்தான். நான் ஒயரைக் கழற்றினேன். அவன் யாரிடமும் புகார் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே என் வேலை போயிருக்கும். சாயங்காலம் பஸ்ஸில் எப்போதும் போல எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். அவன் பையனின் பரீட்சையைப் பற்றிப் பேசினோம்.

இன்றைக்கும் அதே பஸ்தான், அதே சீட்தான். ஆனால் நான் அவனுடைய பேனலைத் தொட்டுவிட்டு வந்தால், பெடலை மிதிக்கும் முன் ஓர் அட்டைத் துண்டைச் சென்சார்களுக்கு நடுவில் நீட்டுகிறான். சிவப்பு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டுதான் வேலையை ஆரம்பிக்கிறான். நான் திரும்பி நிற்கும்போது, சத்தமில்லாமல் அதைச் செய்கிறான். சரியான பழக்கம்தான். எல்லா ஆபரேட்டரும் செய்யவேண்டியதுதான். வேறு எலக்ட்ரீஷியன் வந்துபோனால் மட்டும் அவன் அதைச் செய்வதில்லை.