கண்ணால் நின்றவர்

எண்பதுகளில், செய்தி சேகரிக்கப் போன ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையின் குழாயடியில் அவரைப் பார்த்தேன். வெள்ளைத் தாடிக்காரர். முகத்தைப் பாதி பாதியாகக் கழுவினார்; ஒரு கண் எப்போதும் திறந்தே இருந்தது.

“இன்னா பாய், சோப்புக்குப் பயமா?” என்றேன்.

“ரெண்டையும் மூடினா விழுந்துடுவேன் சார். கால்ல நரம்பு செத்துப்போச்சு. தரையைப் பார்த்துத்தான் நிக்கிறேன். மேஸ்திரிக்குத் தெரிஞ்சா வேலை போய்டும்.”

சுண்ணாம்புத் தொட்டிமேல் போட்ட பலகையில் நின்று தோலைக் கிளறுவது அவர் வேலை. பிற்பகலில் அருகே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. ஜன்னலில்லாத கொட்டகை இருண்டது.

“சார், பேசிக்கிட்டே இருங்க, திசையாவது தெரியட்டும்” என்றது அவர் குரல். வாய்க்கு வந்ததைப் பேசினேன்.

விளக்கு வந்தபோது அவர் பலகையைக் கட்டிப்பிடித்துக் குப்புறக் கிடந்தார். எதிரே தூணைக் கட்டிப்பிடித்தபடி மேஸ்திரி.

“உனக்குமா பாய்?” என்றார்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் அதை எழுதவில்லை. செய்தது சரியா என்று இன்றும் தெரியவில்லை.