எண்பத்தி நாலாம் நெம்பர் மாரியம்மா

எங்க தேயிலைத் தோட்டத்துல மாரியாத்தாளுக்கும் வேலை நெம்பர் உண்டுங்க. எண்பத்தி நாலு. வெளையாட்டுக்குச் சொல்லுல. காலையில மேஸ்திரி நோட்டை விரிச்சுப் பேர் கூப்புடுவாரு. எண்பத்தி மூணு ராஜகுமாரி, எண்பத்தி நாலு மாரியம்மா, எண்பத்தி அஞ்சு ராமாத்தாள்னு வரிசையா வரும். மத்தவங்க பேருக்கு அவுங்கவுங்க கையைத் தூக்குவாங்க. மாரியம்மான்னு கூப்புட்டா நாங்க அத்தனை பொம்பளைகளும் சேந்து "இருக்கா"ன்னு சொல்லோணும். கண்ணாலமாகி வந்த புதுசுல நான் சிரிச்சிருக்கறேன். புளியம்பட்டிப் பக்கம் கருங்கல்லுக் கோயிலா பாத்து வளந்தவளுங்க நான். சாமி கூடவா கொழுந்து பறிக்க வரும்னு கேட்டு, மாமியாகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

அந்த எண்பத்தி அஞ்சாம் நெம்பர் நான்தானுங்க. வாய்க்காரி ராமாத்தாள்னு கேட்டா அரவேணு பஸ் ஸ்டாப்புலயே வழி சொல்லுவாங்க.

அந்த வழக்கம் சிலோன்ல இருந்து கப்பலேறி வந்தவங்க கொண்டாந்தது. எடை போடறதுக்கு முன்னால ஆத்தா கூடை வரிசை வரிசையா வரும். ஒவ்வொருத்தியும் ரெண்டு கை கொழுந்து அள்ளி அதுல போடோணும். அது ஆத்தா பறிச்ச கணக்கு. அவ நெம்பருக்கு அதைத் தனியா எடை போடுவாங்க. அந்த நாள் கூலியும், மிஞ்சுன கிலோவுக்குத் தனிக்காசும் வருசம் முழுக்கச் சேந்து பங்குனியில நோம்பியா மாறும், பந்தலு, மேளம், மூணு நேரம் சோறுன்னு. அந்தக் காலத்து மேனேஜர் தொரை ஒருத்தரு ஆத்தாளுக்குன்னு ஒரு சலுகையும் குடுத்துட்டுப் போயிருக்காரு. மத்தவங்களுக்கு எடை வந்தா முழுப்பேரு, கொறஞ்சா அரைப்பேரு. பேருன்னா ஒரு நாள் வேலைங்க, அதுவும் சிலோன்காரங்க பேச்சுத்தான். ஆத்தாளுக்கு மட்டும் எத்தனை கொறஞ்சாலும் முழுப்பேரு.

அந்தக் கூடையைச் சுமந்தது தாயம்மாக்கா. அவங்களப் பத்தித்தான் நான் இந்த நாயம் பேசறதே.

ஒல்லியா, நெட்டையா, ஒரு கண்ணுல பூ விழுந்தவங்க. சிலோன்ல இருந்து வாரப்ப இருபத்தி ரெண்டு வயசாம். புருசன் வந்த மறுவருசமே போயிட்டாரு, புள்ளை குட்டி இல்ல. எஸ்டேட்டு குடுத்த லைன் ஊட்டு வரிசையில கடைசி ரூமு. காலையில மொதச் செடியத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவாங்க, அவ்வளவுதான் அவங்க சாமி கும்புடறது. விழுந்து கும்புட்டு நான் பாத்ததே இல்ல. ஆத்தா கோயில்ல சூடம் காட்டறப்பக்கூட பின்னால நின்னுட்டு, யாரு கொழந்தையாவது அழுதா தூக்கி வெச்சிருப்பாங்க. அது எனக்கு எரிச்சலா இருக்கும். பக்தியே இல்லாதவங்க கையில ஆத்தா கூடையக் குடுத்து வெச்சிருக்கறாங்களேன்னு நான் பொரிஞ்சு தள்ளாத நாளில்ல.

அப்பறம் அந்தக் கேடுகாலம் வந்துச்சுங்க. கிலோ பதினேழு, பதினெட்டுன்னு போன இலை அஞ்சு ரூபாய்க்கு வந்து நின்னுச்சு. சின்னத் தோட்டக்காரங்க பறிக்கற கூலிக்குக் கூட ஆகலீன்னு விட்டுட்டாங்க. செடியெல்லாம் மரமா வளந்து நின்னுச்சு. எங்க எஸ்டேட்ல உரம் நின்னு போச்சு, உரமில்லாம கொழுந்தும் நின்னு போச்சு. அந்த நேரம் பாத்து மேல இருந்து ஒரு ரூல் வந்துச்சு. நாளைக்குப் பதினாலு கிலோ. கொறஞ்சா அரைப்பேரு. மாசத்துல மூணு அரைப்பேரு விழுந்தா பேரையே வெட்டிருவாங்க. பேரு போனா லைன் ஊடும் போச்சு, பாத்திரம் பண்டத்தத் தூக்கிட்டு ரோட்டுல நிக்க வேண்டியதுதான்.

அந்த வருசம் ஐப்பசியில எனக்கு விடாத காய்ச்சல். ஏற்கனவே ரெண்டு அரைப்பேரு விழுந்துருச்சு. மூணாவது நாளு எந்திரிக்க முடியாம எந்திரிச்சுப் போனேன். கண்ணு இருட்டுது, கை வெரல் வளையமாட்டேங்குது. பறிச்சதை வரிசைக் கடைசியில சாக்குல கொட்டி வெச்சுட்டு, மாரியாத்தா, என்ற ஊட்டைக் காப்பாத்துன்னு அழுதுட்டே பறிச்சேன். பத்து கிலோ தேறுனாப் பெருசுன்னு எனக்கே தெரியும். எடை போட்டா பதினாலரை காட்டுதுங்க. நான் நம்புல. சாக்கைக் கவுத்துனா, கொழுந்துக்கு நடுவுல ஒரு கொத்து வேப்பந்தழை.

உங்களுக்கு அது பெருசாத் தெரியாது. எங்க குளிருக்கு வேம்பு வராதுங்க. வேப்பமரம் பாக்கோணும்னா மேட்டுப்பாளையம் எறங்கோணும். அந்த மலைக்காட்டுல, என்ற சாக்குக்குள்ள, ஆத்தாளோட தழை. எனக்கு ஒடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. அப்படியே மண்ணுல விழுந்துட்டேன். அத்தனை பொம்பளைகளும் கையெடுத்துக் கும்புட்டாங்க. தாயம்மாக்கா மட்டும் கும்புடாம, எனக்குக் குடிக்கத் தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க.

அந்தத் தழைய ஆத்தா படத்துக்குப் பின்னால சொருகி வெச்சேன். அன்னையில இருந்து நான் பெரிய ஆளாயிட்டனுங்க. கொழந்தைக்குச் சொகமில்லீன்னா என்ற கையால திருநீறு கேட்டு வந்தாங்க. நோம்பிக் கமிட்டியில பொம்பளைங்களுக்குத் தலைவி நான். நம்மளை ஆத்தாளே தேடி வந்தாளேன்னு எனக்கும் தலைக்கனம் ஏறிப்போச்சு, மறைக்கறதுக்கு என்ன இருக்குது.

தை மாசத்துல ஆத்தா எடை கொறைய ஆரம்பிச்சுது. தெனமும் பதினெட்டு, இருவது கிலோ வந்தது பன்னண்டாச்சு, எட்டாச்சு, ஒரு நாள் அஞ்சுல நின்னுச்சு. நாங்க ஆளுக்கு ரெண்டு கை போடறது போட்டுட்டுத்தான் இருக்கறோம். அப்ப எங்க போகுது? கூடை யாரு கையில இருக்குது? எனக்குப் பொறுக்குமா. ஒரு நாள் சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால நின்னு பாத்தேன். தாயம்மாக்கா கூடையோட வந்தாங்க. வரிசைக் கடைசியில ராஜகுமாரி சாக்கு இருந்துச்சு. அக்கம்பக்கம் பாத்துட்டு, கூடையில இருந்து கை கையா அள்ளி அந்தச் சாக்குல போட்டாங்க.

ராஜகுமாரிக்கு ஏழு மாசம். புருசன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன், மூணு மாசமா ஒரு தகவலும் இல்ல. அந்தப் புள்ளை குனிஞ்சு பறிக்க முடியாம முட்டி போட்டுட்டுப் பறிக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அந்த நேரத்துல என்ற கண்ணுக்குத் திருட்டுத்தான் தெரிஞ்சுது.

எடை போடற எடத்துல, அத்தனை பேரு முன்னாலயும், கத்துனேன். "சாமி கொழுந்தத் திருடிக் குடுக்கறாங்க, வாங்கறவளும் கம்முனு வாங்கிக்கறா. நோம்பிக்குச் சோத்துக்குப் பதிலா மண்ணையா போடறது?"

ராஜகுமாரி அப்படியே ஒக்காந்துட்டா. அந்தப் புள்ளைக்கு விசயமே தெரியாதுன்னு அந்த மொகத்தைப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சு போச்சு. தாயம்மாக்கா கோவப்படல. "சத்தம் போடாத ராமாத்தா. சாமிக்கு எவ்வளவு கொறஞ்சாலும் முழுப்பேரு விழும். இந்தப் புள்ளைக்கு விழாது"ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க.

ஆனா மேஸ்திரி அம்புரோஸ் காதுல எல்லாமே விழுந்துருச்சு. நல்ல மனுசந்தான், ஞாயித்துக்கிழமை தவறாம மாதா கோயிலுக்குப் போறவரு. ஆனா அவருக்கும் வேலை ஊசலாடுது.

"கேட்டுட்டு விட முடியாதும்மா. நாளைக்கு மேல கேட்டா நான் பதில் சொல்லணும்"ன்னாரு. "தாயம்மா, நீங்க இனிமே கூடையத் தொடாதீங்க. ராமாத்தா, நீ எடுத்துக்க. ராஜகுமாரி, ரெண்டு அரைப்பேரு இருக்கு. நாளைக்கு உன் சாக்கை நானே நின்னு எடை போடுவேன். பதினாலு வரலைன்னா பேரை வெட்டறதத் தவிர எனக்கு வேற வழியில்ல."

நாந்தான் செயிச்சேன். கூடையத் தலையில வெச்சுட்டு ஊட்டுக்கு வந்தேன். சும்மா இருந்தனா? ஆத்தா கூடை இத்தனை நாளு கண்ட கையில கெடந்துதேன்னு, பொழுதெறங்கறதுக்குள்ள கழுவிக் காய வெக்கலாம்னு கொழாயடிக்குக் கொண்டு போனேன். உள்ள அடியில மஞ்சத்துணி வெச்சுத் தெச்சிருந்தாங்க. ஒரு மூலையில கிழிசல். தையலைப் பிரிச்சுத் துணிய எடுத்தேன்.

துணிக்கு அடியில வேப்பந்தழை. காஞ்சது பாதி, பச்சை பாதி, கூடையடி பூரா மெத்தையாட்டம் பரத்தி வெச்சிருந்துச்சு.

பக்கத்துல துணி தொவைச்சிட்டு இருந்த வாசுகி எட்டிப் பாத்தா. "உனக்குத் தெரியாதா? காய்கறி லாரிக்காரங்ககிட்டச் சொல்லி மேட்டுப்பாளையத்துல இருந்து தாயம்மாக்கா மாசாமாசம் வாங்குவாங்களே. ஆத்தா வெறும் மூங்கிலு மேல ஒக்காரக் கூடாதும்பாங்க"ன்னா. சொல்லிட்டு அவ பாட்டுக்குத் தொவைக்கறா, ஐப்பசித் தழையோட இதை முடிச்சுப் போட அவளுக்குத் தோணவே இல்ல.

ஊட்டுக்குள்ள போயி படத்துக்குப் பின்னால இருந்த தழைய எடுத்துப் பக்கத்துல வெச்சுப் பாத்தேன். அதைப் பாக்க வேண்டிய அவசியமே இல்ல. ஐப்பசியில நாலரை கிலோ எங்கிருந்து வந்துதுன்னு தெரிஞ்சு போச்சு. மொதல்ல வந்தது கோவம். என்ற அதிசயத்தை ஒருத்தி புடுங்கிட்டுப் போயிட்டாப்பல கோவம். ஒக்காந்து அழுது ஓஞ்சதுக்கு அப்பறந்தான் வேற ஒண்ணு தோணுச்சு. நான் மண்ணுல விழுந்து கும்புட்டப்ப, அவங்க பக்கத்துலயே நின்னாங்க. ஒரு வார்த்தை சொல்லல. அதுக்கப்பறம் நான் தலைவின்னு சொல்லி அவங்களையே நோம்பியில அந்தப் பக்கம் நில்லு, இந்தப் பக்கம் நில்லுன்னு வெரட்டிருக்கறேன். அப்பவும் சொல்லல. இன்னைக்கு எல்லாரு முன்னாலயும் திருடின்னு கத்துனேன், அப்பவாவது சொல்லிருக்கலாம். நெனைக்க நெனைக்க எனக்குச் சிலிர்த்துச்சு. அன்னைக்கு வேப்பந்தழையப் பாத்துச் சிலிர்த்ததெல்லாம் இதுக்குக் கிட்டவே வராதுங்க.

மறுநாள் கூடையோட வரிசை வரிசையாப் போனேன். எல்லாரும் ரெண்டு கை போட்டாங்க. தாயம்மாக்காவும் போட்டாங்க, என்ற மொகத்தைப் பாக்கல. சாயங்காலம் அம்புரோஸ் நின்னு ராஜகுமாரி சாக்கைத் தராசுல மாட்டுனாரு. பதினொண்ணே கால். அவரு பேனாவத் தெறந்தாரு.

நான் முன்னால போயி ஆத்தா கூடைய அப்படியே அந்தச் சாக்குல கவுத்துட்டேன்.

"ஏம்மா, உனக்கென்ன பைத்தியமா? நேத்துக் கத்துனது நீதான"ன்னாரு.

"ஆமாங்க. நேத்துக் கத்துன வாய்தான் இன்னைக்குச் சொல்லுது. இது ஆத்தா குடுக்கற பிரசாதம். கோயில்ல பிரசாதம் வாங்கறவங்க பேரை வெட்டுவீங்களா?" மடியில இருந்த தழைய எடுத்து எல்லாரும் பாக்கற மாதிரி காட்டுனேன். "இது வானத்துல இருந்து விழுகல. இந்தக் கூடைக்குள்ள இருந்து விழுந்துது. ஐப்பசியில எனக்கு வந்ததும் பிரசாதந்தான், போட்டது தாயம்மாக்கா. வெட்டறதுன்னா மொதல்ல எண்பத்தி அஞ்சாம் நெம்பரை வெட்டுங்க, அப்பறம் அந்தப் புள்ளைகிட்டப் போங்க."

எங்கிட்டத் திருநீறு வாங்குனவங்க எல்லாம் என்ற மொகத்தையே பாத்துட்டு நின்னாங்க. எனக்கு மானம் போன மாதிரியும் இருந்துச்சு, காய்ச்சல் விட்ட மாதிரியும் இருந்துச்சு. அம்புரோஸ் சாக்கை மறுபடி தராசுல மாட்டுனாரு. இருவத்தி ஒம்பது.

"எண்பத்தி மூணு முழுப்பேரு"ன்னு எழுதுனாரு. "எண்பத்தி நாலு, இன்னைக்கு எடை இல்ல"ன்னு சொல்லிட்டு நிமுந்து பாத்தாரு. "இருந்தாலும் முழுப்பேருதான், இல்லையா?"

நான் தாயம்மாக்காகிட்டப் போனேன். "ஐப்பசியில நீங்கதானுங்களே"ன்னு மட்டும் கேட்டேன். "யாருக்கு, எப்பன்னெல்லாம் நான் ஞாபகம் வச்சிக்கிறதில்ல புள்ள"ன்னாங்க. "துணியப் பிரிச்சியே, திரும்பத் தெச்சியா?"

தெச்சுட்டேன்னு சொல்லி, கூடையையும் என்ற தழையையும் அவங்ககிட்ட நீட்டுனேன். கூடைய வாங்கிட்டாங்க, அம்புரோஸும் தடுக்கல; தழையையும் அதுல அடியிலயே போட்டுரச் சொன்னாங்க. அந்த வருசம் கிலோக் காசு கொறஞ்சதால நோம்பிக்குப் பந்தலும் இல்ல, மேளமும் இல்ல. ஒரு பானைப் பொங்கல் வெச்சோம். ராஜகுமாரிக்குப் பொறந்த புள்ளைய மடியில வெச்சுட்டுத் தாயம்மாக்கா பின்னாலதான் நின்னாங்க.

ஆனா எனக்கு நோம்பிய விட ஞாபகமிருக்கறது, கூடையக் கவுத்துன அந்தச் சாயங்காலத்துக்கு மறுநாள் காலைதான். பனி எறங்கிட்டு இருந்துச்சு, பக்கத்து ஆளு மொகமே மங்கலாத்தான் தெரிஞ்சுது. அம்புரோஸ் பேர் கூப்புட்டாரு. எண்பத்தி மூணு ராஜகுமாரி. அவ கையைத் தூக்குனா. எண்பத்தி நாலு மாரியம்மான்னாரு.

எப்பவும் மொதல்ல கத்தறவ நான். அன்னைக்கு எனக்கு முன்னாலயே ராஜகுமாரி தாயம்மாக்காவப் பாத்துத் திரும்பிட்டா. நானும் திரும்புனேன். ஒவ்வொருத்தியாத் திரும்பி, கடைசி வரிசையில கூடையோட நின்ன அந்த ஒல்லி உருவத்தைப் பாத்துட்டு, எல்லாரும் சேந்து சொன்னோம், "இருக்கா"ன்னு.

அவங்க மட்டும் எப்பவும் போல ஆத்தா கோயிலு இருக்கற பக்கம் பாத்துச் சொன்னாங்க.