கடுக்காய் மரத்திலிருந்து விழுந்தவர்

எங்களிடம் இரண்டு ஜெப அட்டை இருந்தது, படத்தைப் பார்த்து ஜெபிக்கச் சொல்லிச் சபைகளில் கொடுப்பது. ஒன்றில் நானும் என் வீட்டுக்காரரும். கள்ளக்குறிச்சியில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. பின்னால் அருவி, துணியில் வரைந்தது. நாங்கள் இருந்த மலையில் நிஜ அருவியே இருந்தது. அங்கே நின்று எடுத்திருக்கலாம். ஸ்டூடியோவில்தான் முகம் தெளிவாக விழும் என்றார்கள்.

இரண்டாவது அட்டையில் அக்கா, மலையில் எங்களுக்கு இடம் தந்தவள். அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் ஆறாவது வரை படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் கரும்பு வெட்டப் போனேன். அவர் லாரியில் கட்டு ஏற்றினார். குடித்துக்கொண்டிருந்தவர், ஒரு ஜெபக் கூட்டத்துக்குப் போய் வந்ததும் குடியை விட்டார். விட்ட கையோடு மலையில் ஊழியம் செய்யணும் என்றார். நானும் சரி என்றேன். எந்த மிஷனும் எங்களை அனுப்பவில்லை. நாங்களாகப் போனோம். அதனால் சம்பளம் கிடையாது. கீழே உள்ள சபைகளில் போய் நின்று, மலையில் நடப்பதைச் சொல்லணும். கேட்கிறவர்கள் மனசு வந்தால் எங்களைத் தாங்குவார்கள். தாங்குவது என்றால் மாசாமாசம் ஏதாவது அனுப்புவது, ஜெபத்தில் நினைப்பது. அரிசி வரும், பழைய துணி வரும், சில மாசம் ஒன்றும் வராது.

கரியாலூர் தாண்டி பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் நாங்கள் இருந்த ஊர். யாரும் எங்களுக்கு வீடு தரவில்லை. அக்காதான் தன் வீட்டை ஒட்டின கொட்டகையைத் தந்தாள். சாமை மூட்டை வைக்கிற கொட்டகை. மூட்டைகளை வீட்டுக்குள் தள்ளிவிட்டு இடம் விட்டாள். வாடகை கேட்கவில்லை. எங்கள் சாமியையும் கும்பிடவில்லை.

"நீ பாடறது நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. காலங்காத்தால மட்டும் வேணாம்" என்றாள். சாமி விஷயமாக எங்களுக்குள் நடந்த பேச்சு அது ஒன்றுதான்.

காலையில் களி கிண்டினால் ஒரு உருண்டை எங்கள் கதவுக்கு வரும். கேட்டு வாங்கியதில்லை.

நாங்கள் போன இரண்டாவது வருஷம், கடுக்காய்ப் பருவத்தில் அக்காவின் புருஷன் மரத்திலிருந்து விழுந்தார். உச்சிக் கிளையை உலுக்க ஏறினவர். குடிப் பழக்கம் இல்லாதவர். வெற்றிலை போடுவார், அவ்வளவுதான். கம்பளியில் கிடத்தி, மூங்கிலில் கட்டித் தொங்கவிட்டு நாலு பேர் தூக்கினார்கள். முன் பக்கம் என் வீட்டுக்காரர். பஸ் ரோட்டுக்குப் போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது. கீழே இறக்கவில்லை. அப்படியே திரும்பித் தூக்கி வந்தார்கள். என் வீட்டுக்காரருக்குத் தோள் கன்றி ஒரு மாசம் கறுப்பாக இருந்தது. நான்தான் எண்ணெய் தடவினேன்.

அந்தச் சாவைத்தான் நாங்கள் கீழே கொண்டுபோனோம்.

சபையில் எங்களுக்குப் பத்து நிமிஷம் தருவார்கள். பிரசங்கம் நீண்டால் அஞ்சு. அவர் பேசணும், நான் ஒரு பாட்டுப் பாடணும். அதற்கென்று ஒரு புடவை வைத்திருந்தேன். நல்ல புடவை கட்டிப் போனால் இவங்களுக்கு எதற்கு உதவி என்பார்கள். கிழிசல் கட்டினால் முகம் சுளிப்பார்கள். வெளுத்த நீலம் சரியாக இருந்தது.

முதலில் அவர் நடந்தபடியே சொன்னார். மரம், மூங்கில், நடந்த தூரம், பாதி வழியில் போன உயிர். சங்கராபுரம் பக்கம் ஒரு சபை அது. ஜனங்கள் கேட்டார்கள். ஒருத்தர் கொட்டாவி விட்டார். ஆராதனை முடிந்து அந்தப் பாஸ்டர் எங்களை டிபன் சாப்பிடக் கூட்டிப்போனார். நல்ல மனுஷர்தான். எனக்கு இன்னொரு தோசை வைக்கச் சொன்னார். பிறகு இவரிடம் பேசினார்.

"பிரதர், மரத்துலேருந்து வுழுந்து செத்தவன் இந்த ஊர்லயும் ரெண்டு பேரு இருக்கான். அதுக்கு யாரு அழுவா? மலைன்னா ஜனங்களுக்கு இன்னா ஞாபகம் வரும்? சாராயம். அதையும் கொஞ்சம் தொட்டுக்குங்க."

ஊறுகாய் தொட்டுக்கொள்ளச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

அடுத்த ஞாயிறு வேறு சபை. மலையில் சாராயம் உண்டு என்றார் இவர். அது பொய்யில்லை. கீழேயும் உண்டு, இவரே குடித்தவர். அதற்கடுத்த சபையில், அந்தக் குடும்பத்திலும் உண்டு என்றார். திருநாவலூர் பக்கம் ஒரு சபைக்குப் போனபோது கதை முழுசாகிவிட்டது. அந்தப் பொம்பளையே காய்ச்சினாள், அதைக் குடித்தே புருஷன் செத்தான், இப்போது அடுப்பை உடைத்துப் போட்டுவிட்டாள், ஜெபத்தில் முதல் ஆளாக உட்காருகிறாள். பொம்பளைகள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அன்றைக்கு எங்களைத் தாங்க ஒத்துக்கொண்ட குடும்பங்கள் அதுவரை வந்ததில் ஜாஸ்தி.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "அக்கா அடுப்ப எப்ப ஒடச்சாங்க?"

"அவங்க இங்க வந்து கேக்கப்போறாங்களா?" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் அதற்கு மேல் கேட்கவில்லை. ஒவ்வொரு சபையிலும் அவர் அதைச் சொல்லி முடித்ததும் எழுந்து நின்று பாடினேன். அதையும் எழுதித்தான் ஆகணும்.

அதற்குப் பிறகு அக்கா படத்தைப் போட்டு ஒரு அட்டை அடித்தார். போனில் அக்காவை இரண்டு படம் எடுத்து வைத்திருந்தார். சும்மா ஞாபகத்துக்கு என்று சொல்லி எடுத்தது. ஒன்றில் கையில் கோழியோடு சிரிக்கிறாள். இன்னொன்று அடுப்படியில், ஈர விறகுப் புகையில் கண் கலங்கி நிற்கிறாள். அட்டையில் போட்டது அந்த அடுப்படிப் படத்தை. கீழே பெயர் இல்லாமல், காய்ச்சியவள் மனம் திரும்பினாள் என்று ஒரு வரி. பார்த்தவர்கள் அவள் அழுகிறாள் என்றே நினைத்தார்கள்.

தாங்குகிற சபையார் வருஷத்துக்கு ஒருமுறை பணித்தளம் பார்க்க வருவது வழக்கம். வேன் பிடித்து வருவார்கள். அருவியில் குளிப்பார்கள், ஊரில் துணி கொடுப்பார்கள், ஜெபம் பண்ணுவார்கள், படம் எடுத்துக்கொண்டு போவார்கள். எல்லா மிஷனரிக்கும் உள்ளதுதான். எங்களுக்கும் ஒரு நாள் வரும் என்று அவர் யோசிக்கவே இல்லை. எங்களை யார் அவ்வளவு தூரம் தேடி வருவார்கள் என்ற நினைப்பு.

வந்தார்கள். அந்தத் திருநாவலூர்ப் பக்கத்துச் சபைதான். காலையில் சிக்னல் கிடைக்கிற பாறைக்குப் போனவர், ஓடி வந்தார். வேன் மலை ஏறிவிட்டது, அக்காவை எங்கேயாவது அனுப்பு என்றார்.

அக்காவிடம் போய், இன்றைக்குச் சந்தைக்குப் போகலையா என்று கேட்டேன். அவள் வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"உன்னப் பாக்க அவ்ளோ தூரத்துலேருந்து ஜனம் வருது. நான் சந்தைக்குப் போயிட்டா யாரு தண்ணி குடுப்பா?"

நாலு வீட்டில் டம்ளர் இரவல் வாங்கி வைத்திருந்தாள்.

துணி கொடுப்பார்கள் என்று தெரிந்து ஊரே கூடிவிட்டது. அக்காவின் மாமியார், கொழுந்தன், எல்லாரும் இருந்தார்கள். அக்கா தட்டில் டம்ளரோடு வந்தாள். வேனில் வந்த பாஸ்டரம்மா கையிலிருந்த அட்டையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். ஓடி வந்து கட்டிக்கொண்டார். தட்டு சாய்ந்து டம்ளரெல்லாம் கீழே விழுந்தது.

"உன் கையால காய்ச்சி உன் புருஷனையே பறிகுடுத்துட்டியேம்மா. ஆனாலும் ஆண்டவர் உன்னத் தள்ளல. அத வுட்டுட்டயே, அது போதும்."

அந்த அம்மா நிஜமாகவே அழுதார். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

கொழுந்தன் அட்டையை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்துவிட்டு அக்காவிடம் காட்டினார்.

"இத நீதான் சொன்னியா?"

அக்கா என் வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

"தூக்கிக்கினு போனது நீங்கதான. எப்பிடி செத்தாருன்னு நீங்க சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். பாஸ்டரம்மா பக்கம் பார்த்தார். வேன் பக்கம் பார்த்தார். "அருவிக்கு நேரமாவுது, போயிட்டு வந்துரலாம்" என்றார்.

அக்கா அடுத்து என்னைப் பார்த்தாள். நான் கீழே கிடந்த டம்ளர்களைப் பொறுக்கினேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தச் சபையின் உதவி போயிருக்கும். அதைப் பார்த்து மற்றதும் போயிருக்கும். அவ்வளவுதான் போயிருக்கும். இப்போது யோசித்தால் கம்மியாகத் தெரிகிறது. அன்றைக்கு அதுதான் எங்களுக்கு எல்லாமும்.

அக்காவின் புருஷன் எப்படிச் செத்தார் என்று ஊருக்குத் தெரியும். ஊர் அதில் சந்தேகப்படவில்லை. ஊர் நினைத்தது வேறு. கொட்டகையில் இருக்கிறவர்களிடம் அரிசியும் கம்பளியும் வாங்குவதற்காக இவளே இந்தக் கதையைச் சொல்லிக்கொடுத்தாள் என்று நினைத்தது. இவள் சொல்லாமல் அவர்களுக்கு இப்படிப் பேச ஏது தைரியம் என்று மாமியார் கேட்டாளாம். செத்தவனை வித்துட்டா என்றாளாம். அன்றைக்கே சின்ன மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். சரிவில் இருந்த சாமைக் காடு குடும்பத்துக்குப் பொது. அடுத்த விதைப்புக்கு அக்காவைக் கூப்பிடவில்லை.

மறுநாள் களி வரவில்லை. கதவைத் திறந்தால் வாசலில் நாங்கள் கொடுத்த கம்பளி மடித்து வைத்திருந்தது. அதன் மேல் ஒரு புடவை, பிளாஸ்டிக் குடம், காய்ச்சல் மாத்திரை மீதி. எல்லாம் துடைத்து சுத்தமாக இருந்தது. மத்தியானத்துக்குள் ஊரில் மற்றவர்களும் கொண்டுவந்து வைத்தார்கள். முந்தின நாள் வாங்கின துணி, போன வருஷம் வாங்கின ஸ்வெட்டர், ஒரு குழந்தைச் செருப்பு. கொட்டகை வாசலில் மூட்டை மூட்டையாகச் சேர்ந்தது. போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நாலு நாள் இருந்து பார்த்துவிட்டு இறங்கினோம். அந்தத் துணியைத் தூக்கிப்போக எங்களால் முடியவில்லை. அங்கேயே விட்டோம்.

கள்ளக்குறிச்சியில் ஒரு அறை பிடித்தோம். அவர் சபைகளுக்குப் போவதை நிறுத்தவில்லை. இப்போது பேச்சு மாறியது. எதிர்ப்பு என்றார். சுவிசேஷத்துக்காக மலை எங்களை வெளியே தள்ளியது, கொடுத்த துணியைக்கூட முகத்தில் எறிந்தார்கள் என்றார். அதற்கு முந்தின கதையைவிட ஜனம் ஜாஸ்தி அழுதது. ஒரு சபை பைக் வாங்கிக் கொடுத்தது. மலைக்குத் திரும்பப் போக வசதியாக இருக்கட்டும் என்று கொடுத்தார்கள். அது சங்கராபுரத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் ஓடியது. மலை ஏறவில்லை.

நான் பாடுவதை நிறுத்தினேன். தொண்டை சரியில்லை என்று அவரே சபையில் சொல்லிக்கொண்டார். ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டேன், எதுவரைக்கும் இப்படி என்று.

"இத்தன ஜனம் அந்த மலைக்காக முழங்கால்ல நிக்குது. அதுவும் பொய்யா?" என்றார்.

தட்டைக் கழுவி வைத்தேன்.

அடுத்த கடுக்காய்ப் பருவத்தில் அவரிடம் சொல்லாமல் பஸ் ஏறினேன். நேராகக் கொழுந்தன் வீட்டுக்குப் போனேன். மாமியார் வாசலில் கடுக்காயைப் பரப்பிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. நான் உட்காரவில்லை. வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்ததைச் சொன்னேன்.

"பெரியம்மா, அக்கா ஒண்ணும் சொல்லல. அவங்களுக்கு எதுவுமே தெரியாது. எங்க வூட்டுக்காரரு கதை கட்டிச் சொன்னது. நான் கூட இருந்தேன். எங்க பொழப்புக்குச் சொன்னோம். உங்க புள்ள மரத்துலேருந்துதான் வுழுந்தாரு."

அவள் கடைசிக் காய் வரைக்கும் பரப்பி முடித்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இத சொல்றதுக்கு அவ உனக்கு இன்னா குடுத்தா?"

ஒன்றும் இல்லை என்றேன்.

"சும்மாவா சொல்லுவ நீ?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

இறங்கும் பாதையில் அக்கா யாரோ ஒருவர் காட்டில் கூலிக்கு மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தாள். நான் வந்தது அதற்குள் தெரிந்திருந்தது. வேலையை நிறுத்தாமலே கேட்டாள்.

"சொன்னியா?"

"சொன்னேன்க்கா."

"நம்புனாங்களா?"

நான் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டேன். அக்கா இன்னொரு செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, குவியலில் போட்டாள். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவில்லை.

கீழே போய் ரோட்டில் நின்றேன். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. பையில் டிக்கெட்டுக்குச் சில்லறை எடுக்கப் போனால் அக்கா படம் போட்ட அந்த அட்டை கையில் வந்தது. கிழிக்கலாம் என்று பார்த்தேன். லேமினேஷன் போட்டது. கிழியவில்லை.