தண்ணீரில் கொட்டிய தார்

என் மூத்த பேரன் காஜாங்கில் சாலை இன்ஜினியர். அவன் தங்கை ஆஸ்பத்திரியில் தாதி. கடைக்குட்டி பேச்சுப் போட்டியில் கிண்ணம் வாங்கியிருக்கிறான்.

நான் அஞ்சாம் வகுப்புதான். ஆனாலும் ஈரத்தில் தார் ஒட்டாது என்று எனக்குத் தெரியும்.

போன வாரம் எங்கள் கிள்ளான் வீட்டு வாசல் பள்ளத்தில்தான் பேத்தி மோட்டார் சைக்கிளோடு விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள்.

இன்று காலை பள்ளத்தை அடைக்க நகராண்மைக் கழக லோரி வந்தது. பள்ளம் நிறைய மழைத்தண்ணீர். அதன் மேலேயே சுடச்சுடத் தாரைக் கொட்டி, மண்வெட்டியால் தட்டினார்கள். ஆவிதான் பறந்தது.

"தம்பி, தண்ணிய கூட்டித் தள்ளிட்டுப் போடுங்கலா. ஒட்டாது."

சூப்பர்வைசர் சிரித்தார். "ஆன்டி இன்ஜினியரா?"

"நான் இல்ல, என் பேரன். போன் போட்டுத் தரவா, பேசுறீங்களா?"

"வேணாம் ஆன்டி. போட்டோ எடுத்தாச்சு, வேலை முடிஞ்சுது."

போட்டோ உடனே கழகத்தின் முகநூலில் ஏறிவிட்டது. 'பள்ளம் சரிசெய்யப்பட்டது' என்று எழுதியிருந்தார்கள். கீழே வரிசையாக லைக்.

மத்தியானம் ஸ்கூல் பஸ் அதன் மேல் ஏறியதும் தார் பெயர்ந்து சிதறிவிட்டது. இருட்டியதும் பேத்தி இந்த வழியாகத்தான் வேலை முடிந்து வருவாள். நான் டார்ச் லைட்டோடு வாசலில் நிற்கப் போகிறேன்.

லைக் போட்ட மகராசன்களே, புதுப் போட்டோ ஒன்று போடச் சொல்லுங்கள். பள்ளமும் நானும் தயாராக இருக்கிறோம்.