கை நுழையாத கிட்டார்

ரப்பர் தோட்டத்துத் திருவிழாவில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி வாசிக்க, மைக்செட்டில் இணைக்கிற கிட்டார் ஒன்றைச் சிரம்பானில் வாங்கினேன். முகப்பில் வட்டத் துளைக்குப் பதிலாக இரண்டு ஒடுங்கிய பிளவுகள். அந்த அழகில் மயங்கிவிட்டேன்.

மலாயாவில் அவசரகாலமல்லவா, அரிசியும் ஆயுதமும் காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போகாமலிருக்கத் தோட்டத்து கேட்டில் சோதனை. காவலர் கிட்டாருக்குள் கையை விடப் பார்த்தார்; விரல்தான் நுழைந்தது. குலுக்கினார், உள்ளே ஏதோ கடகடத்தது.

“தோட்டாவா? உடைச்சுப் பாத்துடுறேன்!” என்று துப்பாக்கிக் கட்டையை ஓங்கினார்.

“உடைக்காதீங்க லா! நானே எடுத்துக் காட்டுறேன்” என்று பிடுங்கிக்கொண்டேன். கவிழ்த்துக் கவிழ்த்து ஆட்டியதில் கடைசியாக ஒரு திருகாணி விழுந்தது.

மறுநாளே கடையில் கொடுத்து வட்டத் துளைக் கிட்டாராக மாற்றி, ஒலியை மைக்செட்டுக்கு அனுப்ப, கழற்றி மாட்டும் பிக்கப் ஒன்றும் வாங்கினேன். திருவிழாவில் வாசித்தேன். இப்போது நண்பர்களுக்குக் கிட்டார் பார்க்கப் போனாலும், நாதம் கேட்கும் முன் உள்ளே கையை விட்டுப் பார்க்கிறேன். கடைக்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும், கேட்டில் நிற்பவர் சிரிக்க மாட்டார்.