பிரிட்ஜின் சுருதி

எங்கள் வீட்டுப் பிரிட்ஜைத் திருத்த வந்தவர் மெலிந்த மனிதர். நான் பழைய இசைத்தட்டொன்றில் தோடி கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் கருவிப் பையை இறக்கிவிட்டுக் கதிரையில் அமர்ந்து கண்களை மூடினார்.

"அண்ணை, பிரிட்ஜ் குசினியில கிடக்குது."

"பொறுங்கோ தம்பி, ஆலாபனை முடியட்டும்."

முடிந்ததும் பிரிட்ஜில் காதை ஒட்டிக் கேட்டார். "இது சுருதி இறங்கியெல்லோ இரையுது! இதோட எப்பிடித் தோடி கேட்டனீங்கள்?" என்று என்னைக் கோபித்தார்.

ஒரு மணி நேரம் எதையெதையோ முடுக்கினார். பிரிட்ஜ் இசைத்தட்டின் தம்புராவோடு அச்சொட்டாய்ச் சேர்ந்து இரைந்தது. அவர் கண் கலங்கினார்.

நான் கதவைத் திறந்து பார்த்தேன். "அண்ணை, குளிரேல்லையே?"

"ஓம், அது ஏலாது. குளிர வைச்சால் சுருதி விலகும்."

இப்போது எங்கள் மீன் பக்கத்து வீட்டுப் பிரிட்ஜில் இருக்கிறது. வேறு ஆளைக் கூப்பிடச் சொல்லி மனைவி நச்சரிக்கிறாள். எனக்குத்தான் மனம் வரவில்லை.